பொம்மைக்குக் கட்டிய தோடி

தியாகராய நகரில் வைரவன் கடையைத் தெரியாதவர்கள் பட்டு எடுக்கத் தெரியாதவர்கள். திசையன்விளையிலிருந்து ஐந்தாம் வகுப்போடு கிளம்பி வந்து, அடுத்தவன் கடையில் மூட்டை தூக்கி, அந்தக் கடைக்கு எதிரிலேயே சொந்தக் கடை போட்ட ஆள் அவர். யாரும் கைதூக்கி விடவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் இன்று அவர் முன்னால் நின்றுகொண்டுதான் கணக்குச் சொல்கிறார்கள். அப்படியொரு மனிதர் அந்தத் தெருவில் இன்னொருவர் கிடையாது, சும்மா சொல்லவில்லை.

அவருடைய ஒரே மகள் ஸ்வர்ணலதாவுக்கு நல்ல தொண்டை. மயிலாப்பூரில் ஜானகி மாமியிடம் சின்ன வயதிலிருந்தே பாட்டு. பள்ளிக்கூடம் முடிந்ததும் இசைக் கல்லூரியில் சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"எடம் கெடச்சா போ. இல்லன்னா கடையில வந்து உக்காரு" என்றார் வைரவன். அவர் சொன்னால் சொன்னதுதான். நெசவுக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

குரல் தேர்வுக்குப் போகிறவர்கள், பாடத் தயாராயிருக்கும் பாட்டுகளை முன்கூட்டியே எழுதி அனுப்பவேண்டும். அதிலிருந்து நடுவர்கள் தங்களுக்குப் பிடித்ததைக் கேட்பார்கள். மாமி மோகனம், ஹிந்தோளம், கல்யாணி என்று எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் அந்தப் பெண்ணின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்தவை.

வைரவன் சும்மா இருப்பாரா? டிசம்பரில் அவர் கடை விளம்பரம் தொங்கும் சபாவில் முதல் வரிசையில் உட்காருகிறவர் ஆயிற்றே.

"தோடியக் காணமே டீச்சரம்மா? தோடின்னாலே சபாவுல அத்தனை பேரும் நிமிந்து உக்காருதாங்க!"

"பாட்டு அவளுக்குப் பாடம் ஆயிடுத்து சார். ஆனா தோடின்னா நடுவர்கள் அதோட விட மாட்டா. ஒரு வரியை எடுத்துண்டு சொந்தமா விரிச்சு விரிச்சுப் பாடச் சொல்லுவா. நிரவல். அது இவளுக்கு இன்னும் வரலை. வராததை எழுதப்படாது."

காரில் வரும்போது வைரவன் சிரித்தார். "ஒங்க டீச்சரம்மாவுக்கு யாவாரம் தெரியாது."

மறுநாள் கடைக் கம்ப்யூட்டரில் மகள் விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, எல்லாத்துக்கும் மேல தோடியப் போடு."

"மாமி வேண்டாம்னாங்கப்பா."

"வாசல் பொம்மைக்குக் கட்டியிருக்கே பட்டு, அத எவனாவது வாங்கியிருக்கானா? அதப் பாத்து உள்ள வருவான், வேற ஒண்ண எடுத்துட்டுப் போவான். மதிப்புக்கு ஒண்ணு வேணும்ட்டி. இதே யாவாரத்துலதான ஒன்ன வளத்தேன்?"

அவள் விரல்கள் நின்றன. அவர் நகரவில்லை. அடித்தாள்.

தேர்வு நாளன்று அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு கனத்த குரல் கேட்டது.

"தோடி போட்டிருக்கியே. அதையே பாடும்மா."

பாடினாள். பிசிறில்லாமல்தான் பாடினாள். வைரவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாட்டு முடியும் இடத்தில் அதே குரல், "அந்தக் கடைசி வரியில நிரவல் பண்ணு, கேட்போம்" என்றது.

அவள் அந்த வரியைப் பாடினாள். மறுபடியும் அதே வரி, அதே மாதிரி. இன்னொரு முறை, அதே மாதிரி. அப்புறம் தம்பூரா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"போதும்மா."

தோடி புரியாவிட்டாலும் 'போதும்' புரியும் வைரவனுக்கு. புடவையை மடித்து வைக்கச் சொல்கிற குரல் அது. எழுந்து கதவைத் தள்ளினார்.

"ஐயா, எம் மவ மோகனம் நல்லாப் பாடுவா. அத ஒருக்க கேட்டுப் பாருங்க."

"வெளிய வெய்ட் பண்ணுங்க சார்" என்று ஒரு பெண் கதவைச் சாத்தினாள். அவர் முகத்துக்கு நேரே எவரும் அதுவரை கதவைச் சாத்தியதில்லை.

சேர்க்கைப் பட்டியலில் ஸ்வர்ணலதாவின் பெயர் வரவில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நடுவர்களிடம் விசாரித்துவிட்டு அன்றைக்கே மாமி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தோடியை யாருடி எழுதினது?"

எதிரே வைரவன் உட்கார்ந்திருந்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை.

"நான்தான் மாமி."

"என்னைக் கேக்காமலா?"

"ஆமா மாமி."

"என் பேச்சுல நம்பிக்கை இல்லாதவளுக்கு நான் என்னத்தடி சொல்லித் தரது? இனிமே ஆத்துக்கு வரவேண்டாம்."

வைரவனின் கை போனை நோக்கி நீண்டது. எத்தனை அதிகாரிகளை, எத்தனை கந்துவட்டிக்காரர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசியவர்! ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லவேண்டியிருந்தது. கை, பக்கத்தில் கிடந்த புடவையின் மடிப்பை நீவிவிட்டுத் திரும்பி வந்தது. போன் அணைந்தது.

வாசலில் ஒரு அம்மாள், "அந்தப் பொம்மை மேல இருக்கறதை எடுத்துக் காட்டுங்களேன்" என்றாள்.

ஸ்வர்ணலதா எழுந்தாள். "அது சும்மா பாக்கறதுக்குத்தாங்க. உள்ள வாங்க, வேற காட்டறேன்."

அவர் பழக்கிய பேச்சுதான். ஒரு சொல் பிசகவில்லை.