அத்தான் வீட்டுத் தேக்குக் கதவு

என் அக்கா புருஷன் டியூஷனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர். வாழ்நாளில் அவருக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரன் சொல்லும் 'டீக்' நம் தேக்குதானாம். போர்ச்சுகீசியர் காதில் வாங்கி 'டேக்கா' என்று கப்பலேற்ற, இங்கிலீஷ்காரன் அதன் வாலை நறுக்கிக்கொண்டானாம். கல்யாண வீடு, சாவு வீடு, சலூன் என்று இந்தக் கதையை அவர் அவிழ்க்காத இடம் கிடையாது. தேக்கையே தன் கையால் நட்டு வளர்த்தவர் மாதிரி ஒரு பெருமை.

புது வீட்டுக்கு வாசல் கதவு வாங்க என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் போர்ச்சுகீசியரை இறக்கிவிட்டார். கடைக்காரர் கெட்டிக்காரர். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"இத்தனை வருஷமா விக்கிறேன், எனக்கே தெரியாதே சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

இரண்டாம் தடவை சொல்லி முடிப்பதற்குள் கதவு வண்டியில் ஏறிவிட்டது.

"ஒரு ஆசாரிகிட்ட காட்டிட்டு வாங்கலாமே அத்தான்," என்றேன்.

"பேரோட பூர்வீகமே தெரிஞ்சவனுக்கு மரம் தெரியாதா?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டுத் தேக்கு மட்டும் கதவுக்கு உதவிவிடுமா?

மழை பிடித்த வாரம், அக்கா மகளுக்கு இன்டர்வியூ. படித்துப் படித்து அவள் காத்திருந்த வேலை. கூட்டிப்போக பைக்கில் போய் நின்றேன். கதவு ஊதிப்போய் நிலையைக் கவ்விக்கொண்டு அசையவில்லை. உள்ளே மூவரும் இழுக்க, வெளியே நான் தள்ள, ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலெல்லாம் கம்பி. பின்வாசலும் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். அத்தான் ஜன்னல் வழியே பதறினார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். இது தேக்கு, தானா விடும். தேக்குங்கிற பேரு எப்படி வந்துச்சுன்னா..."

அந்த நேரத்திலும் ஆரம்பித்துவிட்டார் மனுஷர்.

"அந்த வார்த்தை கடலைத் தாண்டிப் போச்சு, சரிப்பா," என்றாள் மகள். "நான் இந்த வாசலைத் தாண்டணும்."

அதற்குப் பிறகும் வெகுநேரம் யோசித்துத்தான் "உடைங்க" என்றார். இரண்டு இடியில் கதவு பிளந்தது. மேலே சாயம், உள்ளே அழுத்தி ஒட்டிய மரத்தூள். அதைத் தலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே அவள் பைக்கில் ஏறினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் கதவில்லாத வாசலில் அத்தான் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அவர்மேல் எனக்கு இரக்கமே வரவில்லை. மகள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தெருவில் போன ஒருவர் உடைசலைப் பார்த்து நின்றார்.

"என்ன மரம் சார் இது?"

அத்தான் மகளின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தெரியல," என்றார்.