மொட்டை மாடியில் எத்தியோப்பியா

அம்மாவோடு நான் பேசாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பேசினேன், வீட்டுக்கு வந்த டீச்சரிடம் பேசுவது போல, கேட்டதற்கு மட்டும் பதில். அவள் கையால் சாப்பிடத்தான் மாட்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. எத்தியோப்பியாவில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போன அம்மா, இரண்டு வருஷம் கழித்து ஆடியில் ஒரு மாத லீவில் திருத்தணிக்கு வந்திருந்தாள். அந்த இரண்டு வருஷமும் எனக்குத் தலை பின்னி, சோறு பிசைந்து ஊட்டியவள் நைனாவின் அக்கா, எங்களோடேயே இருந்த அத்தை. வந்த அன்று அம்மா ரசம் சோற்றைப் பிசைந்து கையை நீட்டினாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு அத்தையின் பின்னால் போய் நின்றேன்.

"கூச்சம் அதுக்கு. நாலு நாள்ல சரியாப்பூடும்" என்றாள் அத்தை.

நாலு நாள் மூன்று வாரமாயிற்று. பிடிவாதத்தில் நான் நைனாவைக் கொண்டிருக்கிறேன் என்பார்கள். நைனா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

திரும்பிப் போகப் பத்து நாள் இருக்கும்போது அம்மா தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம எங்க மாடில எத்தியோப்பியா. எல்லாரும் வந்துடுங்க. வேடிக்க பாக்க இல்ல, வேல செய்யணும்."

வேலை வியாழக்கிழமையே தொடங்கியது. அந்த நாட்டில் கடுகைவிடப் பொடியான ஒரு தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்து, இஞ்செரா என்று தோசை மாதிரி வார்ப்பார்களாம். அந்தத் தானியத்துக்கு இங்கே எங்கே போவது? கேழ்வரகு மாவில் கொஞ்சம் கோதுமை கலந்து கரைத்து மூடிவைத்தாள். அத்தை தினமும் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "கெட்டுப்பூட்சிம்மா, கொட்டிடலாம்" என்பாள். அது கெட்டுப் போகவேண்டும் என்று மலைமேல் இருக்கும் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அவர் காதில் அது விழவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஏரிக்கரையில் பிடுங்கிய புல்லை மாடித் தரையில் பரப்பினோம். அங்கே காப்பி விருந்துக்கு அப்படித்தான் செய்வார்களாம். பச்சைக் காப்பிக் கொட்டையை வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுபோய்க் காட்டும் வேலை மெக்கானிக் பாயின் மகளுக்கு. சாம்பிராணி போடுவது எதிர்வீட்டுப் பையன். இஞ்செரா வார்ப்பதை அம்மா எனக்குக் கொடுத்தாள். ஓரத்தில் ஆரம்பித்து உள்பக்கமாகச் சுழற்றி ஊற்றவேண்டும், திருப்பிப் போடக் கூடாது, மேலெல்லாம் பொத்தல் பொத்தலாகக் கண் விழவேண்டும். முதல் இரண்டும் கல்லோடு ஒட்டிக்கொண்டன. மூன்றாவதில் கண் விழுந்தது. "ம்மா, பாரும்மா!" என்று கத்திவிட்டேன். கத்தியது உறைத்ததும் முகத்தை மறுபடி உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் ஒரே தாம்பாளம். அதில் இஞ்செராவை விரித்து, காரப் பருப்பும் உருளைக்கிழங்கும் வைத்தாள் அம்மா. அத்தை படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரே தட்டுலயா? எச்சி ஆவாது?"

"எங்கூட்டு கல்யாணத்துல இப்டித்தான் அத்த, நாலு பேரு ஒரே தட்டுல" என்றாள் பாயின் மகள். அத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

கடைசி வேலைக்குப் பெயர் குர்ஷா என்றாள் அம்மா. ஒரு கவளத்தைச் சுருட்டி அடுத்தவர் வாயில் ஊட்டவேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பிரியம் எவ்வளவோ கவளமும் அவ்வளவு. எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை ஏற்பாடும் எனக்கு ஊட்டத்தான்! பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானேன்.

ஆனால் அம்மா கையை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். "சமைச்ச அம்மா அவளா எடுத்து சாப்புடக் கூடாது. அந்தூட்டுப் புள்ள ஊட்டணும். அது வரைக்கும் பட்டினி. அதான் அங்க வழக்கம்."

பிள்ளைகள் ஒருவர் வாயில் ஒருவர் திணித்து, மூக்கிலும் கன்னத்திலும் பூசி, ஒரே கூத்து. தாம்பாளம் காலியாகிக்கொண்டே வந்தது. காலையிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அத்தையைப் பார்த்தேன். அவளோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா பசியோட கீறாங்கடீ" என்று இடித்தாள் பாயின் மகள்.

ஒரு சின்ன விள்ளலைக் கிள்ளிப் பருப்பில் தோய்த்து, எட்ட இருந்தே நீட்டினேன். அம்மா குனிந்து வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் மெல்லவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"காரமாம்மா?"

"ஆங். காரம்தான்."

பதறிப்போனேன். காரமில்லாத உருளைக்கிழங்காகப் பார்த்து, பெரிதாகச் சுருட்டி ஊட்டினேன். பிறகு இன்னொன்று. அந்த அவசரத்தில் என் வாயில் அவள் எப்போது ஒரு கவளத்தை வைத்தாள் என்று தெரியவில்லை. விழுங்கிய பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் என் அலுவலகத்துக்கு எத்தியோப்பியப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். உங்கள் நாட்டு வழக்கம் எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். குர்ஷா உண்டு, சமைத்தவளைப் பட்டினி போடும் சட்டமெல்லாம் கிடையாது என்றாள்.

அத்தைக்குப் போன் செய்து கேட்டேன்.

"இப்பத்தான் தெரியுமா உனக்கு? கொழந்த எங்கையால சாப்புட மாட்டேங்குதுன்னு உங்கம்மா அழுதுகினு இருந்துச்சி. நான்தான் சொன்னேன், நீ ஊட்னா அது வாயத் தொறக்காது, ஆனா யாருனா பசியோட குந்திகினு இருந்தா பாத்துகினு இருக்காதுன்னு. நான் வளத்த புள்ள, எனக்குத் தெரியாதா?"

அந்த ஞாயிறு முதல் அம்மா விமானம் ஏறும்வரை மூன்று வேளையும் அவள்தான் எனக்கு ஊட்டினாள். நானும் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் அத்தை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. நான் பார்த்திருந்தால்தானே வரும்.