தையல் இல்லாத குல்லா

ரயில் ஊரிகம் ஸ்டேஷனை விட்டு நகரும்போது பார்வதம்மா பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை ரயிலில் பின்னியதுதான். பச்சை உல்லன் நூலைச் சரசரவென்று உருவி உருண்டையாகச் சுற்றினாள். தினமும் கூட வரும் கிளமெண்ட் எதிரே காலை மடக்கிக்கொண்டான். பிரிக்கிற நாளில் அவளுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பது அந்தப் பெட்டிக்கே தெரியும்.

தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூர் போய், ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறாள். போக வர ரயிலில் பின்னல். பெட்டியில் பாதிப் பேர் குளிருக்கு அவள் பின்னிய ஸ்வெட்டரைத்தான் போடுகிறார்கள். எல்லோரையும் வா, போ என்பவள், கோபம் வந்தால் மட்டும் மரியாதைக்கு மாறிவிடுவாள். இருக்கைக்கு அடியில் விழுந்து உருண்ட ஊசியிடம், "வாங்க, வாங்க. உங்களுக்கு அங்க இன்னா வேல?" என்று கேட்டபடி குனிந்தாள்.

எல்லாம் ஒரு குல்லாவால். தங்கை மகள் பவ்யாவுக்கு ஏழு மாதம் நிறையாமலே பெண் குழந்தை பிறந்து, பெங்களூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சூடு தங்கக் குல்லா வேண்டும், தையல் மட்டும் கூடாது, மெல்லிய தோலில் அழுத்தும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பார்வதம்மாவோ இரண்டு ஊசியில் பட்டையாகப் பின்னி ஓரம் தைத்தே பழகியவள். வட்டமாகப் பின்ன நான்கு ஊசி வேண்டும். மூன்றில் நூல் வளையங்களான கண்ணிகள் முக்கோணமாக நிற்க, நான்காவது ஊசி பின்னிக்கொண்டே போகும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். செல்போன் வீடியோவில் ஒரு பெண் கன்னடத்தில் சொல்லிக்கொடுத்தாள். முக்கியமான இடத்தில் சிக்னல் போய்விடும்.

"ரெடிமேட் ஒண்ணு வாங்கிக் குடுத்துடேன்க்கா," என்றான் கிளமெண்ட்.

"வாங்குங்க. வாங்கி நீங்களே மாட்டிகினு டூட்டிக்குப் போங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுபடி பின்னி, நான்கு விரல் உயரம் வந்ததும் விரித்துப் பார்த்தாள். வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசையை வட்டமாகச் சேர்க்கும்போதே கண்ணிகள் திரும்பியிருக்கின்றன. "நல்லா இருப்பீங்க! எப்பங்க திரும்பிக்கினீங்க?" என்று சொல்லிப் பிரித்தாள்.

இந்த முறை ஊசிகளை மடியில் பரப்பி, கண்ணிகளின் அடிப்பக்கமெல்லாம் உள்நோக்கி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்த பிறகே சேர்த்தாள். ரயில் ஆடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கிளமெண்ட் டீ வாங்கி நீட்டினான்.

"சும்னே இருடா, கண்ணி உட்டுடும்."

இருடா என்று சொன்னதுமே, பின்னல் சரியாக வருகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை குல்லா முடிந்தது. மறுநாள்தான் குழந்தையைப் பார்க்க விட்டார்கள். அதுவரை போட்டோவில் பார்த்ததுதான். அதில் குழந்தை திரையை நிறைத்துக் கிடந்தது.

நர்ஸ் குல்லாவை உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, தலையசைத்து எடுத்துப் போனாள். மாட்டினாள். நெற்றி, கண், மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு குல்லா மோவாயில் வந்து நின்றது. மெதுவாகக் கழற்றிவிட்டாள்.

"போட்டோல அவ்ளோ பெரிசா இருந்துதேடி!" என்றாள் பார்வதம்மா.

"பரவால்ல பெரிம்மா. வளந்ததும் போட்டுக்கட்டும்," என்றாள் பவ்யா.

"வளர்றப்போ வளரட்டும். இப்போ குளுருமே."

கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போய், கையை இறுக மூடி, உள்ளே தெரிந்த தலைக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்தாள். அப்போதும் கைதான் பெரிதாக இருந்தது. பிறகு கட்டைவிரலையும் உள்ளே மடக்கிக்கொண்டாள்.