நாய்க்கு ஊசி போடப் போன இடத்தில்

போன வருடக் கோடையின் தொடக்கம். பாரிஸ் லா ஷப்பலில் என் கணவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, எனக்கு அதற்குப் பக்கத்தில் ஒரு புடைவைக் கடையில். எங்கள் நாயைக் காட்டும் மிருக வைத்தியரும் அதே பகுதியில்தான் இருக்கிறார். அன்று வருடாந்தத் தடுப்பூசிக்காக நாயைக் கொண்டுபோனோம்.

சில வாரங்களுக்கு முன்பு நகரத்துக்கு வெளியே ஒரு காட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாயின் காதோரம் உண்ணிகள். அவை லைம் என்ற நோயைப் பரப்பும், மூட்டு வீங்கி நாய் நொண்டத் தொடங்கும் என்று யாரோ சொல்ல, எனக்கு ஒரே பயம். கணவருக்கும் அந்த நாட்களில் லேசான காய்ச்சலும் உடம்பு உளைவும் இருந்தன.

"டொக்டரிட்டைப் போங்கோவன்" என்றால், "இது வேலைக் களைப்பப்பா, விடும்" என்பார்.

மிருக வைத்தியர் ஒரு பிரெஞ்சுப் பெண். அதற்கு முந்தின வருடமே லைமுக்கு ஊசி போட்டிருக்கிறோம், நாய் நன்றாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் உண்ணி கடிக்காதா என்று கேட்டேன். கடிக்கும் என்று சிரித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். ஊசியால் நாயின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. இரத்தத்தை உறிஞ்சும் உண்ணியின் வயிற்றுக்குள் அதுவும் போகிறது. கிருமி இருப்பது அங்கேதான். நாயின் உடம்புக்குள் வருமுன்பே, உண்ணிக்குள் வைத்தே அதை அழித்துவிடுமாம். ஆனாலும் ஊசியை மட்டும் நம்பாமல், வெளியே போய் வந்ததும் உண்ணி தேடி எடுக்க வேண்டும் என்றார்.

ஊசி முடிந்தது. அரைக் காற்சட்டையோடு வந்திருந்த கணவர் நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அவரை அசையாமல் நிற்கச் சொன்னார் வைத்தியர். முழங்காலுக்குப் பின்புறம், உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு வளையம். நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

லைம் கிருமியுள்ள உண்ணி கடித்தால் இப்படி வளையம் வரும் என்று சொல்லி, காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதருக்கு வைத்தியம் பார்க்கத் தனக்கு அனுமதியில்லை என்றவர், தானே தொலைபேசியை எடுத்துப் பக்கத்திலிருந்த ஒரு டாக்டரிடம் அன்றைக்கே நேரம் வாங்கித் தந்தார்.

"நாய்க்கு ஊசி இருக்கு. எங்களுக்கு இல்லையோ?" என்றார் கணவர், தெருவில் இறங்கியதும்.

"மனிசருக்கு இன்னும் வரேல்லையாம்."

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனோம்.

அது லைம்தான். விட்டிருந்தால் மூட்டு, நரம்பு, இதயம் வரைக்கும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். நல்லவேளை, மாத்திரைகளிலேயே முழுதாகக் குணமாகிவிட்டது.

நாய்க்கு ஊசி போட்டதோடு அந்தப் பெண்ணின் வேலை முடிந்திருந்தது. ஆனாலும் தன் நோயாளியல்லாத ஒருவரின் காலிலும் அவர் கண் நின்றதே, அது மனதில் பதிந்துவிட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்களில் யாராவது முகம் வாடி நின்றால் "என்ன, சுகமில்லையோ?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.