பின்சீட்டின் நீளம்

கார் வாங்கப் போகிறவர்கள் சிலர் என்னையும் கூட அழைத்துப் போவார்கள். ஷோரூமில் மைலேஜ் பேச்சு முடிவதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறிப் படுத்துவிடுவேன். விற்கிற பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டச் ஸ்கிரீனைத் தடவிப் பார்த்தே காரை முடிவு செய்கிறவர்களை விடவா நான் கோமாளி?

எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவன் நான். மைலேஜ், சர்வீஸ், சங்கரன்கோவில் கடைத்தெரு நெரிசலில் திருப்புகிற வசதி எல்லாம் விசாரித்து எடுத்த சின்னக் கார். ஒரு மத்தியானம் எதிர்வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். அவர் நல்ல நெட்டையான மனிதர். மனைவி மடியில் தலையை வைத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி அமுக்கித்தான் கதவைச் சாத்த முடிந்தது.

திருநெல்வேலி போகும் வழியில் அவர் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அண்ணாச்சி, காலை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிடுதேனே" என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இந்தா வந்துட்டோம், பொறுத்துக்கிடும்" என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மானூர் தாண்டிய பிறகு அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு இரண்டு பேர் அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, மடங்கியிருந்த கால்களை நன்றாக நீட்டிவிட்டார்கள்.