பவதாரணிக்கும் துடக்கு

செத்தவீட்டில் யார் அழலாம், யார் தேத்தண்ணீர் போடலாம் என்று எங்கள் நயினாதீவில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. செத்தவரின் சொந்தங்களுக்குத் துடக்கு. மரணத் தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்போம். துடக்குக்காரர் முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயிலுக்குப் போகமாட்டார்கள், பிறத்தியார் வீட்டுக்குள் காலடி வைக்கமாட்டார்கள், செத்தவீட்டு அடுப்பையும் தொடமாட்டார்கள். அழுவதுதான் அவர்கள் வேலை. மற்ற வேலையெல்லாம் துடக்கில்லாதவர் தலையில். ஒழுங்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரியவதனி செத்தபோது அது பவதாரணியைப் படுத்திய பாட்டை அடுத்த வளவில் இருந்து பார்த்தவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

இருவரும் சொந்தமில்லை. இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையைச் சேர்ந்து நடத்தினார்கள், அவ்வளவுதான். அம்மன் கோயிலுக்கு வருகிற சனம் படகால் இறங்கியதும் இடியப்பமும் சொதியும் கேட்டு அங்கேதான் போகும். பவதாரணி இடியப்பம் அவிப்பாள், பிரியவதனி கறி வைப்பாள். விடியற்காலையில் சொதிக்கு உப்புக் காணாது என்று சண்டை தொடங்கும். பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தேங்காய் திருவுவார்கள். திருவி முடிவதற்குள் ஏதாவது ஒரு ஊர்க்கதை வந்துவிடும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இப்படியே வருடக்கணக்காகப் போனது. பிள்ளைப்பேறுக்கும் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. சொந்தச் சகோதரிகள் கொழும்பிலும் கனடாவிலும் இருந்து தொலைபேசியில் அன்பு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிரியவதனிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் போயிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். பெண்கள் வார்ட்டில் இரவில் ஆண்கள் நிற்க முடியாது. அவளின் கணவன் சசிகரன் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு, குறிகட்டுவான் துறையில் தீவுக்கான கடைசிப் படகைப் பிடிக்க ஓடுவான். கூட நின்றது பவதாரணி. வாய் துடைத்ததும், கஞ்சி பருக்கியதும், உடுப்பு மாற்றியதும் அவள்தான். செத்த இரவும் அவள்தான் நின்றாள்.

பிரேதம் படகில் வந்து இறங்கிய அன்று பவதாரணி செத்தவீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய் ஒரு மூலையில் குந்தி இருந்து அழவேண்டும், அதுதான் அவளுக்கு இருந்த ஒரே யோசனை. சசிகரனின் தமையன் குலசிங்கம் வாசலிலேயே மறித்துவிட்டார். ஊரில் எந்த நல்லது கெட்டதுக்கும் கையில் தொலைபேசியோடு நடுவில் நிற்கிற மனிசன். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் யோசிக்கமாட்டார்.

“பிள்ளை, நல்ல நேரத்தில வந்தனீர். எங்களுக்கெல்லாம் துடக்கு. உமக்கு இல்லைத்தானே, குசினியைப் பொறுப்பெடும்” என்றார்.

பவதாரணி குசினிக்குப் போனாள். அழுவதற்கென்று கொண்டுவந்த கண்ணீரோடு அடுப்பை மூட்டினாள். புகையில் கண் கலங்கியது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். படகுக்குப் படகு சனம் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர். ஒருதரம் அவள் கேத்திலை இறக்கி வைத்துவிட்டு விறாந்தைக்கு வந்து பிரேதத்தின் காலடியில் இருந்தாள். இருந்து மூச்சு விடுவதற்குள் யாரோ ஒரு பெண், சீனி எங்கே என்று கேட்டு அவளின் தோளைத் தட்டினாள். சீனி அலுமாரிக்குள் இருந்தது. அதைக்கூட எடுக்கத் தெரியாதா என்று கேட்கலாம். ஆனால் செத்தவீட்டில் வாய் காட்டுவது யார்?

வாய்க்கரிசி போட அழைத்தபோது புதிதாக ஒரு படகுச் சனம் வாசலில் நின்றது. அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். கடைசி மாதமெல்லாம் அந்த வாய்க்குக் கஞ்சி ஊட்டியவள் அவள். ஒரு நுள்ளு அரிசி போடக் கொடுத்துவைக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த மைத்துனி முறைக்காரி, ஐந்தாறு வருடமாக எட்டியும் பார்க்காதவள், மயங்கி விழுந்தாள். அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்ததும் பவதாரணிதான்.

எட்டுச்செலவுக்கும் அவளே சமைத்தாள். செத்தவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. படைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே சொந்தக்காரர் ஒப்பாரி வைக்க, வெளியே பவதாரணி சட்டி கழுவினாள். சாப்பிட்டு முடித்தவர்கள் கறி திறமென்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எட்டுச்செலவு முடிந்ததும் பவதாரணி கடையைத் திறந்தாள். வருகிறவர்கள் எல்லோரும், தனியச் சமாளிப்பீரோ, ஆள் பிடிக்கப் போறீரோ என்று விசாரித்தார்கள். யாரும் தப்பாகக் கேட்கவில்லைத்தான். துக்கம் கண்ட குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்லவென்று உத்தியோகம் பார்க்கிற ஒரு பிள்ளையும் படகேறி வந்தாள். சசிகரனோடும் மகனோடும் இருந்து கதைத்தாள். மனதில் உள்ளதை அடக்கி வைக்கக்கூடாது என்றாளாம். படகுக்கு நேரம் இருந்ததால் கடைக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டாள். சம்பல் உறைப்பென்று சொல்லித் தண்ணீர் கேட்டாள், குடித்துவிட்டுப் போனாள். ஆறுதல் இத்தனை கிட்டத்தில் வந்து சம்பலைக் குறை சொல்லிவிட்டுப் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

வீட்டிலாவது அழலாமென்றால் அங்கே ஜெகதீஸ். பவதாரணியின் கணவன், நல்ல மனிசன், வாய் நீளமில்லை. ஆனால் அவள் கண்ணைத் துடைத்தால் அவனுக்குக் கையும் காலும் ஓடாது. “உம்மட சகோதரமே செத்தது? இஞ்சை என்ன செத்தவீடே நடக்குது? நெடுக அழுதால் வருத்தம்தான் வரும்” என்பான். அவளும் எழுந்து மாக் குழைக்கப் போய்விடுவாள்.

கோயில் கொடியேற்றத்துக்கு முன் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி வர இருந்தது. குலசிங்கம் வந்து, துடக்கென்பதால் உள்ளே ஏறாமல் கடை வாசலில் நின்றார். கீரிமலையில் கிரியை முடித்து வந்ததும் ஊருக்கெல்லாம் சாப்பாடு, வழமைபோல நீர்தானே என்று சொல்லி, கறிகளை விரல்விட்டு அடுக்கத் தொடங்கினார். பவதாரணி அவித்துக்கொண்டிருந்த இடியப்பத்தை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

“எனக்கு ஏலாது அண்ணை. எனக்குத் துடக்கு.”

குலசிங்கத்துக்கு விளங்கவில்லை. உம்மட வீட்டில் ஆர் செத்தது என்று கேட்டார்.

“பிரியா செத்தது. எனக்கும்தான் செத்தது.”

அவர் பொறுமையாக விளக்கினார். துடக்கு யார் யாருக்கு, எந்த உறவுக்கு எத்தனை நாள், சிநேகிதத்துக்கு அப்படி ஒரு முறையே இல்லை. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், பிறகு கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கொடியேற நாலைந்து நாள் இருக்கையில் கடையைப் பூட்டுகிறவளை ஊர் சும்மா விடுமா? விசர் பிடித்துவிட்டது என்றார்கள். துடக்கென்று தன் வாயாலேயே சொன்னவள் திருவிழாவுக்குச் சமைத்தால் அதை யார் சாப்பிடுவது என்று வேறு ஒரு கதை கிளம்பியது. வேண்டாம் என்ற சமையலுக்கும் வேண்டுமென்ற பிழைப்புக்கும் ஒரே வார்த்தையில் ஆப்பு வைத்துக்கொண்டாள். குருக்களிடம் போய்ப் பரிகாரம் கேட்கச் சொல்லி ஜெகதீஸ் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். அவள் போகமாட்டேன் என்றாள். யாராவது ஒருவர் வந்து, பிரியா போனது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும், அதுவரை அடுப்பு மூட்டமாட்டேன் என்றாள்.

ஒருவரும் கேட்கவில்லை. நான் போனேன், உண்மைதான். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அவள் ஊரை ஏசத் தொடங்கிவிட்டாள், நானும் சேர்ந்து ஏசிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் சசிகரன் வந்தான். சுடலைக்குப் போய் வந்தபிறகு செத்தவீட்டைவிட்டு அவன் வெளியே இறங்கியது அதுதான் முதல்தடவை. ஜெகதீஸ் திகைத்துப்போய், அண்ணை, துடக்கோடை இஞ்சை எப்பிடி என்று இழுத்தான். சசிகரன் உள்ளே வந்து கதிரையில் இருந்தான்.

“எனக்கும் துடக்கு, பவாவுக்கும் துடக்கு. துடக்குக்காரர் துடக்குக்காரரிட்டை வரலாம்தானே” என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். “வாறவை எல்லாரும் எப்பிடிச் செத்தவ எண்டு என்னட்டைத்தான் கேக்கினம். நானும் ஏதோ சொல்லுறன். எனக்கென்ன தெரியும், நானே அங்கை நிண்டனான்? நீரல்லோ நிண்டனீர். சொல்லும் பவா, எப்பிடி நடந்தது?”

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு சொன்னாள். அன்றிரவு பிரியவதனி நன்றாகத்தான் கதைத்தாளாம். பிறகு ஒரேயடியாகச் சினந்து, உன்ர மூஞ்சியைப் பாக்கேலாமக் கிடக்கு, வெளியாலை போய்ப் படு என்று துரத்தினாளாம். இவளுக்குக் கோபம். வார்ட்டுக்கு வெளியே கிடந்த மர வாங்கில் போய்ப் படுத்துவிட்டாள். தாதி வந்து எழுப்பும்போது எல்லாம் முடிந்திருந்தது.

“கலைச்சுப்போட்டுத் தனியச் செத்தவள் அண்ணை. இவ்வளவு நாளும் கூட நிண்டன். அந்த ஒரு நேரம் என்னை விடேல்லை. அவளிலை எனக்கிருக்கிற கோவத்தை நான் ஆரிட்டைச் சொல்ல?”

“என்னையும் கலைச்சவ” என்றான் சசிகரன். “அண்டைக்கு நான் நிக்கப்போறன் எண்டு சொன்னனான். வாசலிலையாவது நிப்பம் எண்டு. படகு போயிடும், பெடியன் தனிய, போங்கோ எண்டு பேசிப் பேசி அனுப்பினவ. அவவுக்குத் தெரிஞ்சிருக்கு பவா. எங்கள் ரெண்டு பேரையும் பாக்க வைக்க அவவுக்கு மனமில்லை.”

அப்போதுதான் பவதாரணி அழுதாள். அது சேலைத் தலைப்பில் துடைக்கிற அழுகை இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, பிரியா, பிரியா என்று கூப்பிட்டு, என்னை ஏன்டி அனுப்பினனீ என்று வளவு முழுக்கக் கேட்க அழுதாள். சசிகரனும் கூட அழுதான். வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு நின்ற நான் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் தெருவில் போனவர்களும் ஓடிவந்தார்கள். ஜெகதீஸ் வாசல்படியில், வீட்டுக்குள் பார்த்தபடி நின்றான்.

என்ன நடந்தது, செத்தவீடு இஞ்சையோ என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

ஜெகதீஸ் திரும்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழியைவிட்டு விலகி நின்றான்.

“ஓம்” என்றான். “இஞ்சைதான். உள்ளுக்கை வந்து இருங்கோ.”