அளவு சாருக்குக் காய்ச்சல்

பன்றிக்காய்ச்சல் என்ற பேரைக் கேட்டாலே ஊர் நடுங்கிய 2009-ஆம் வருஷம். திருவனந்தபுரத்தில் பஸ்ஸில் யாராவது தும்மினால் பக்கத்து சீட் காலியாகிவிடும். அந்தச் சமயத்தில்தான் நான் விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒரு விசைப்படகில் ஏறி ஆழ்கடலுக்குப் போனேன்.

என் வேலை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன்வள ஆராய்ச்சி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த ஊழியன். மீன்பிடிக்கப் போகிறவர்களோடு கூடவே போய், தூண்டிலில் என்ன மீன் சிக்குகிறது, நீளம் என்ன, ஆமை மாட்டினால் உயிரோடு விட்டார்களா என்று பார்த்துக் குறித்து வர வேண்டும். மீன் பிடிக்கவும் கூடாது, பிடிப்பதைத் தடுக்கவும் கூடாது. படகில் எனக்குப் பேரே 'அளவு சார்'தான். நாங்களோ திருவனந்தபுரத்து ஆரியசாலையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் சைவக் குடும்பம். "உளுந்து அளக்கச் சொன்னா கசக்கும், சுறாவை அளக்க மட்டும் இனிக்குமோ" என்று அப்பா முணுமுணுப்பார். படகில் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த முறை ஆபீசில் ஒரு பையைக் கையில் திணித்தார்கள். மாஸ்க், கை துடைக்கும் மருந்து, எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். "அவங்ககூட ஒட்டாதீங்க, அவங்ககிட்டேர்ந்து உங்களுக்குத் தொத்திடப் போகுது" என்று அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னார். ஒட்டாமல் இருக்க அது என்ன கல்யாண மண்டபமா? எல்லோரும் ஒருசேரக் காலை நீட்டிப் படுக்கவே இடம் போதாத படகு.

படகில் சாப்பாடு எப்படியென்றால், பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, மேலே மீன்குழம்பை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை போடுவார்கள். நான் மாஸ்க்கும் தட்டுமாக ஒரு மூலையில் தனியே உட்கார்ந்தேன். தூண்டிலை இழுத்தபோது யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் ஓடி வருவதற்குள் பாதி மீன் ஐஸ் அறைக்குள் போய்விட்டது.

மறுநாள் சிராங்கு என் தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். சிராங்கு என்றால் படகை ஓட்டுகிறவர். கடலில் அவர் சொல்தான் சட்டம்.

"தனியா தின்னா எங்கள தீண்டக்கூடாதுன்னு சொல்ற மாதிரியில்லா இருக்கு சாரே. கரையில உள்ள காய்ச்சலும் தீனமும் கடலுக்கு வராது, கேட்டோ. இந்தக் காத்துல ஒண்ணும் நிக்காது" என்றார்.

அந்த நம்பிக்கை அங்கே எல்லோருக்கும் இருந்தது. அந்தக் காற்றில் நின்றபோது எனக்கும்கூட அது சரிதானே என்று பட்டது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

என் வலது பக்கம் சமையல்காரர். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அவர் மனைவி முதல் முறையாக உண்டாகியிருந்தாள். ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, நேராத நேர்ச்சை இல்லை. பிரசவத்துக்கு முன்னால் இதுதான் அவருக்குக் கடைசிப் பயணம். இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து மனுஷன் வீட்டுக்குக் காவல் போட்டிருந்தார். வாசலில் நின்று தும்மினாள் என்று கொழுந்தியாளையே திருப்பி அனுப்பியவர். குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் துளைத்துவிட்டார்.

கரை கண்ணிலிருந்து மறைந்து வெகுதூரம் போன பிறகு எனக்கு இருமல் வந்தது. பிறகு உடம்புவலி, நிற்க முடியாத காய்ச்சல். கிளம்புவதற்கு முன்பு ஆரியசாலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வளைகுடாவிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் பந்தி முழுக்க என் பக்கத்தில் இருமிக்கொண்டே சாப்பிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சிராங்கிடம் போய், எனக்கு அதுவாக இருக்கலாம் என்றேன். படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது என்னையல்ல, சமையல்காரரை.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தார். "சாருக்குப் பக்கத்துல இருந்து தின்னது நான். வரணும்னா எனக்கு வந்தாச்சு. சோறு வேற ஆராவது வையுங்க. சார நான் பாக்கேன், மத்தவன் கிட்ட வரண்டாம்" என்றார்.

சிராங்கு படகைத் திருப்பினார். ஐஸ் அறை பாதிகூட நிறைந்திருக்கவில்லை. பின்பக்கம் தார்ப்பாய் கட்டி எங்கள் இருவரையும் தனியே விட்டார்கள். என் மாஸ்க்கில் ஒன்றை அவர் கட்டிக்கொண்டார். கஞ்சி கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார். மூச்சு வாங்க வாங்க எனக்கு என் உயிரைப் பற்றித்தான் முதலில் பயம், பொய் சொல்ல மாட்டேன். அது கொஞ்சம் தணிந்தபோது அவர் மனைவியின் நினைப்பு வந்து, அழுதேவிட்டேன். "மிண்டாம கெடங்க சாரே" என்று அதட்டினார்.

விழிஞ்ஞத்தில் சுகாதாரத்துறை ஆட்கள் வந்து என்னை ஒரு வள்ளத்தில் இறக்கினார்கள். மற்றவர்களை வீட்டில் தனி அறையில் இருக்கச் சொன்னார்கள்.

"தனி முறியா? எங்க வீட்டுக்கு ஆகக்கூடி முறியே ஒண்ணுதான்" என்றார் சிராங்கு. ஒருவரும் இறங்கவில்லை. சொந்த வீட்டின் ஓடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுப் படகிலேயே தங்கிவிட்டார்கள்.

எனக்கு வந்தது அந்தக் காய்ச்சல்தான் என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சிராங்கு போன் செய்து, சமையல்காரருக்கும் காய்ச்சல், மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றார். அவர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அவர் படகில் காய்ச்சலோடு கிடந்தபோதே மனைவிக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை.

நன்றாகத் தேறிய பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையல்காரர் இளைத்திருந்தார், ஆனாலும் முகமெல்லாம் பல். அவர் மனைவி சிரிக்கவே இல்லை.

"என்ன ஆட்டோவுல ஏத்தும்போ இந்த மனுசன் படகுல நின்னு கை காட்டிட்டு நிக்காரு. அந்தக் காட்சிய நீங்க காணணும் சாரே" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவளே, "எறங்கி வந்திருந்தா நான் கதவத் தொறந்திருக்க மாட்டேன், அது வேற காரியம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை என்னிடம் நீட்டினாள். கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டேன்.

அவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்ற ஆபீசில் எல்லோரும் யோசித்தோம். என்னிடமிருந்து அவர்கள் வீட்டைக் காப்பாற்ற எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. இப்போது புதிய ஆட்களைப் படகுக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. யாராவது லேசாக இருமினாலும் அவரைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் படகில் இருக்கிற ஒவ்வொருவருக்காகவும் கரையில் ஒரு வீடு காத்திருக்கிறது, படகில் ஏறும்போது நாம் அந்த வீட்டுக்குள்ளும்தான் போகிறோம்.